புதுச்சேரியில் பிரெஞ்சு விருந்து: எங்கே, எப்போது, எதை?

புதுச்சேரியில் பிரெஞ்சு உணவகம் என்று சொல்லிக்கொள்ளும் இடங்களில் இரண்டு வேறு சமையல்கள் நடக்கின்றன. ஒன்று, வெண்ணெயும் கிரீமும் ஒயினும் சேர்த்துப் பிரான்சில் சமைக்கும் முறை. மற்றது இந்த ஊரிலேயே பிறந்தது. பிரெஞ்சுக்காரர்களின் வீடுகளில் அடுப்படி பார்த்த தமிழ்ச் சமையல்காரர்களும், பிரெஞ்சுப் பழக்கத்தைத் தங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்த புதுச்சேரிக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய கிரியோல் சமையல் அது. இரண்டும் ஒரே விலைப்பட்டியலில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். விலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். தட்டில் வருவது மட்டும் முற்றிலும் வேறு.

உயர்தர உணவகத்தில் ஓர் இரவுச் சாப்பாட்டுக்கு நல்ல தொகை செலவழிக்க வருபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான். பிரான்சின் சுவை வேண்டுமா, புதுச்சேரியின் சுவை வேண்டுமா? அதற்கேற்ப வீதி மாறும், உணவகம் மாறும், சில சமயம் வரவேண்டிய மாதமும் மாறும்.

இரண்டு சமையல்களும் வந்த வழி

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஃபிரான்சுவா மார்த்தேன் இங்கே குடியேற்றத்தை நிறுவியது 1674இல். நடுவில் டச்சுக்காரர்கள் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள். 1761இல் ஆங்கிலேயர்கள் நகரையே தரைமட்டமாக்கினார்கள். அதன் பிறகும் பலமுறை கைமாறி, 1816 முதல் பிரெஞ்சுக்காரர்கள் வசமே தொடர்ந்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். பிரெஞ்சுத் துணைத் தூதரகம், 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியான லிசே ஃபிரான்சே, 1955இல் பிறந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எல்லாம் சில நிமிட நடைத் தூரத்துக்குள் இருக்கின்றன. வடக்கே 1968இல் உருவான ஆரோவில் இன்னும் பல ஐரோப்பியரை இந்தக் கரைக்கு அழைத்து வந்தது. நல்ல ரொட்டி எது, நல்ல சீஸ் எது என்று கேட்டு வாங்கும் வாடிக்கையாளர்கள் உள்ளூரிலேயே இருந்ததால்தான் இங்குள்ள பிரெஞ்சுச் சமையல் சுற்றுலாப் பயணிக்கான வேடிக்கைப் பொருளாகத் தேங்கிப் போகவில்லை.

கிரியோல் சமையலின் வேர் வீட்டுக்குள் இருக்கிறது. காரம் குறைவு, தேங்காய்ப்பால் தாராளம், மிளகும் பட்டையும் கிராம்பும் சோம்பும் அளவோடு. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் சேர்த்து வெயிலில் காயவைத்து உருட்டிய தாளிப்பு வடகம் இதன் தனி அடையாளம். இதே வடகம் பிரெஞ்சு அடுப்படிகளுக்குப் போய் 'வாதூவான்' ஆகி, இன்று உலகின் பெரிய உணவகங்களில் மீனுக்கும் காய்கறிக்கும் மேல் தூவப்படுகிறது. மார்சேய் துறைமுகத்தின் மீன் சூப்பான பூயாபெஸ் இங்கே வந்ததும் குங்குமப்பூ விலகி மஞ்சள் ஏறிக்கொண்டது. பிரெஞ்சுப் படையிலும் அலுவலகங்களிலும் சேர்ந்து சைகோன் போய்த் திரும்பிய குடும்பங்கள் வியட்நாமின் பொரித்த சுருள்களையும் மீன் சாஸையும் சேர்த்துக் கொண்டுவந்தன. இந்த வீட்டுச் சமையலை லூர்து திருவாஞ்சியம்-லூயி 2012இல் 'த பாண்டிச்சேரி கிச்சன்' என்ற ஆங்கில நூலாகத் தொகுத்தார். கிரியோல் உணவைத் தேடி வருபவர் பயணத்துக்கு முன்பே படிக்கத் தகுந்த புத்தகம் அது.

வாய்க்காலுக்குக் கிழக்கே: ஒயிட் டவுன்

ஆம்பூர் சாலைக்கும் செஞ்சி சாலைக்கும் நடுவே ஓடும் பெரிய வாய்க்கால்தான் பழைய நகரின் பிரிகோடு. கிழக்கே கடல் வரை இருப்பது ஒயிட் டவுன். மஞ்சளும் வெள்ளையும் பூசிய உயர்ந்த மதில்கள், உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள். செலவு செய்து சாப்பிடத் தகுந்த பிரெஞ்சு மேசைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட பழைய வீடுகளைப் புதுப்பித்து நடத்தும் சிறு ஓட்டல்களுக்குள் இருக்கின்றன. அங்கே தங்காதவர்களும் சாப்பிடலாம். முன்பதிவு மட்டும் வேண்டும்.

சுய்ஃப்ரேன் வீதியிலுள்ள வில்லா சாந்தி, முதல்முறை வருபவருக்குப் பொருத்தமான தொடக்கம். பழைய வீட்டின் கட்டமைப்பைக் காப்பாற்றிக்கொண்டே தற்காலத் தோற்றம் கொடுத்திருக்கிறார்கள். நடு முற்றத்தில் மேசைகள். பட்டியலில் பிரெஞ்சும் இந்தியமும் கலந்திருக்கும். குடும்பத்தில் ஒருவருக்கு ஸ்டேக்கும் இன்னொருவருக்கு நம்ம ஊர்க் குழம்பும் வேண்டுமென்றால் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க முடிகிற இடம் இது. வார இறுதியில் முற்றம் நிரம்பிவிடும், பேச்சுச் சத்தமும் கூடும். அமைதியாகப் பேசிச் சாப்பிட நினைப்பவர்கள் திங்கள் முதல் வியாழனுக்குள் வருவது நல்லது.

புஸ்ஸி வீதியின் கடலோர முனையில் பாலே த மாஹே. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட சி.ஜி.எச். எர்த் குழுமம் நடத்துகிறது. கீழே நீச்சல் குளத்தைச் சுற்றித் தூண்களும் தாழ்வாரமும். சாப்பாடு மேலே, காற்றோட்டமான மாடியில். பிரெஞ்சு முறையில் சமைத்த மீனும் உள்ளூர் மசாலா சேர்ந்த கிரியோல் வகைகளும் இங்கே கிடைக்கும். இரண்டு சமையல்களையும் ஒரே இரவில் ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கும் இருவர் ஆளுக்கொரு வழியில் போய்ப் பகிர்ந்து சாப்பிடலாம். மார்ச் முடிந்துவிட்டால் மதிய நேரத்து மாடியில் வெக்கை தெரியும். இரவு எட்டு மணிக்குக் கடற்காற்று இறங்கிவிடும்.

லா கசெர்ன் வீதியிலுள்ள லெ துய்ப்ளே ஒரு காலத்தில் நகர மேயரின் இல்லமாக இருந்தது. பெயர், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆளுநராக இருந்த துய்ப்ளேயினுடையது. மரவேலைப்பாடும் வெளிமுற்றமும் கொண்ட இந்த வீட்டில் கிரியோல் சாயல் உள்ள பட்டியல் நீண்ட நாளாக இருந்து வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் விருந்தினரைச் சம்பிரதாயமாக அழைத்துப்போக ஏற்ற சூழல்.

சுர்கூஃப் வீதியின் லா வில்லா இவற்றிலெல்லாம் சிறியது. சில அறைகளே உள்ள விடுதி, அதற்கேற்பச் சில மேசைகளே உள்ள உணவகம். பிரெஞ்சுச் சமையலைப் பிரெஞ்சு முறைப்படி ஒவ்வொரு தட்டாக, அவசரமில்லாமல் பரிமாறுவதை விரும்புபவர்கள் இங்கே வர வேண்டும். திருமண நாள், பிறந்த நாள் போன்ற தனிப்பட்ட கொண்டாட்டங்களுக்கு இந்த அளவே வசதி. எட்டுப் பேர் கொண்ட கூட்டத்துக்கு முன்கூட்டியே பேசி ஒப்புதல் பெறாமல் போகக் கூடாது.

ரோமேன் ரோலாண்ட் வீதியில் கோரமண்டல் கஃபே. தோட்டமும் பழைய மாளிகையும் சேர்ந்த இந்த இடம் கறாரான பிரெஞ்சு உணவகம் அல்ல. ஐரோப்பியச் சமையலைத் தற்கால முறையில் கொடுக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் நடுவே நீண்ட நேரம் உட்கார்ந்து சாப்பிடவும், இனிப்பும் காபியும் எடுத்துக்கொள்ளவும் இது நல்ல தேர்வு. படம் எடுக்க வரும் கூட்டம் மாலையில் அதிகம்.

இவற்றின் விலை தாங்காது என்று தோன்றும் நாளில் கஃபே தெ ஸார் இருக்கிறது. கிரேப், குரோக் மெஸ்யூ, சாலட் என்று எளிய பட்டியல். வெறும் மாவும் முட்டையும் சீஸும்தான். நன்றாகச் செய்தால் அதுவே ஒரு வேளைக்குப் போதும்.

வாய்க்காலுக்கு மேற்கே: கிரியோல் மேசை

கிரியோல் உணவை அதன் சொந்த மண்ணில் சாப்பிட வேண்டுமென்றால் வாய்க்காலைத் தாண்டி மேற்கே போக வேண்டும். பெருமாள் கோயில் வீதியிலுள்ள மெசோன் பெருமாள், திண்ணையும் இரட்டை முற்றமும் மரத்தூண்களும் கொண்ட தமிழ் வீடு. இதுவும் சி.ஜி.எச். எர்த் குழுமத்தினுடையதே. இங்கே பட்டியலைக் காட்டிலும் அன்றைய சந்தைதான் சமையலைத் தீர்மானிக்கிறது. காலையில் என்ன மீன் வந்தது, என்ன கீரை வந்தது என்பதைப் பார்த்து மதியச் சாப்பாடு அமையும். மஞ்சள் நிறப் பூயாபெஸ், தேங்காய்ப்பாலில் வெந்த இறால், வடகம் தாளித்த மீன் என்று எது அன்று இருந்தாலும் பரிமாறுபவரிடம் விசாரித்து வாங்கலாம். அவர்கள் பொறுமையாகச் சொல்வார்கள்.

இங்கே சாப்பிடும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. நம் வீட்டு மீன் குழம்பின் புளிப்பும் காரமும் எதிர்பார்த்து வருபவருக்கு முதல் வாய் சப்பென்று தோன்றக்கூடும். அந்த மென்மை வேண்டுமென்றே வைத்தது. ஐரோப்பிய நாக்குக்காகக் காரத்தைக் குறைத்த சமையல்காரர்கள், மீனின் சுவையும் தேங்காய்ப்பாலின் சுவையும் முன்னால் வரும்படி மசாலாவைப் பின்னுக்குத் தள்ளினார்கள். தனியாக மிளகாய் கேட்டு வாங்கிச் சேர்ப்பதற்கு முன் நாலு வாய் அப்படியே சாப்பிட்டுப் பார்ப்பது நியாயம்.

பட்டியலில் எதைத் தொடுவது

எந்த உணவகமானாலும் ஒரு பொதுவிதி பலன் தரும்: கடலிலிருந்து வந்ததைக் கேளுங்கள். சால்மனும் நியூசிலாந்து ஆட்டுக்கறியும் பட்டியலில் இருந்தால் அவை உறைநிலையில் பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவை. அதே அடுப்படிக்குக் கொடுவா, சங்கரா, வஞ்சிரம், வவ்வால், நண்டு, கணவாய் எல்லாம் காலையில் வந்திறங்குகின்றன. பிரெஞ்சு மீன் சமையலின் அழகே மீனுக்கு அதிகம் தொந்தரவு கொடுக்காமல் இருப்பதில்தான் உள்ளது. அதற்குப் புதிய மீன் வேண்டும்.

'மெனியேர்' என்று இருந்தால் மீனில் மாவு தடவி, வெண்ணெயில் வாட்டி, எலுமிச்சை பிழிந்தது. சதைப்பற்றுள்ள கொடுவாவுக்கு இது அருமையாகப் பொருந்தும். 'பப்பியோத்' என்றால் தாளில் பொதிந்து அதன் ஆவியிலேயே வேகவைத்தது. எண்ணெய் குறைவாக வேண்டுபவர்களுக்கு ஏற்றது. 'பேர் ப்ளான்' என்பது வெள்ளை ஒயினும் வினிகரும் சின்ன வெங்காயமும் வற்றவைத்து அதில் வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துச் சேர்த்த சாஸ். மது தவிர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வஞ்சிரம் கேட்டால், அதிகம் வாட்டாமல் தரச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் கூடினாலும் அது வறண்டுவிடும்.

கடல் உணவுக்கு நாட்காட்டியும் முக்கியம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாரம்பரியச் சிறு படகுகள் கரையோரமாகப் பிடித்து வருவது மட்டும்தான் கிடைக்கும். வரத்து குறையும், விலை ஏறும். வேறு கரையிலிருந்து வந்த மீனும் உறைய வைத்த மீனும் அந்த நேரத்தில் தட்டுக்கு வரும். மீனுக்காகவே பயணம் செய்பவர்கள் இந்த இரண்டு மாதத்தைத் தவிர்க்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் சில நாள் கரையிலேயே நிற்கும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வானிலையும் மீனும் இரண்டும் ஒத்துழைக்கும்.

இறைச்சி விரும்பிகளுக்கும் புதுச்சேரி நல்ல ஊர். மாட்டிறைச்சி ஸ்டேக் இங்கே பல காலமாகப் பட்டியலில் இருக்கிறது. மிளகு சாஸ் ஊற்றிய ஸ்டேக் ஓ ப்வாவ்ர் இந்த ஊரின் பழைய பிரெஞ்சு உணவகங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பண்டம். எவ்வளவு வேக வேண்டும் என்பதைப் பரிமாறுபவர் கேட்பார். நடுவில் சிவப்பு நிற்க வேண்டுமென்றால் சேஞான், இளஞ்சிவப்பாக இருக்க ஆ ப்வான், முழுதாக வேக பியேன் க்வி. முழுதாக வெந்த ஸ்டேக்கைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் அப்படிக் கேட்பவர்கள், ஒயினில் மணிக்கணக்காக வேகும் கோக் ஓ வேன் போன்ற கோழி வகைக்குப் போனால் இன்னும் மென்மையான இறைச்சி கிடைக்கும்.

கடைசித் தட்டில் கிரேம் ப்ரூலே எங்கும் கிடைக்கும். மேலே உருக்கிய சர்க்கரை கண்ணாடிச் சில்லுபோல் உடைய வேண்டும். உள்ளே குளிர்ச்சி இருக்க வேண்டும். சர்க்கரை ஓடு நமத்துப்போயிருந்தால் முன்கூட்டியே செய்து வைத்தது என்று பொருள். மாற்றித் தரச் சொல்லலாம். டிசம்பர் மாதத்தில் வருபவர்கள் விவிகம் கேக் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். ரவை, வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய உலர்பழம் சேர்த்துப் புதுச்சேரிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் கேக் அது.

சைவ உணவுக்காரர்களுக்கு

பிரெஞ்சு உணவகத்தில் சைவம் கிடைக்காது என்பது தவறான எண்ணம். கத்தரிக்காய், சுக்கினி, தக்காளி, குடைமிளகாய் சேர்ந்த ரத்தத்தூய், நீஸ் கடற்கரையின் முழுச் சைவப் பண்டம். கிரீமிலும் பூண்டிலும் வெந்த உருளைக்கிழங்கு கிரத்தேன், ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட், காளான் கிரேப் எல்லாம் பசி தீர்க்கும்.

கண்ணுக்குத் தெரியாத அசைவம்தான் சிக்கல். பிரெஞ்சு வெங்காய சூப் மரபுப்படி மாட்டெலும்புச் சாற்றில் செய்வது. கீஷ், கிரேம் ப்ரூலே, சாக்லெட் மூஸ் மூன்றிலும் முட்டை உண்டு. சில குளிர் இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். சில சீஸ்களை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் பயன்படும். 'வெஜ்' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், முட்டை வேண்டாம், எலும்புச் சாறு வேண்டாம், ஜெலட்டின் வேண்டாம் என்று மேசையைப் பதிவு செய்யும்போதே பிரித்துச் சொன்னால் அடுப்படிக்கும் தயாராக நேரம் கிடைக்கும். சைவர்களுக்கென்று தனியாக ஒரு சாப்பாட்டை யோசித்துச் செய்து தருகிற உணவகங்கள் இங்கே உண்டு. ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தால் போதும்.

ரொட்டி, சீஸ், சாக்லெட்

ஓர் உணவகத்தின் தரத்தை அறிய மேசைக்கு முதலில் வரும் ரொட்டிக் கூடையே போதும். நல்ல பகேத்தின் மேலோடு பிளக்கும்போது சத்தம் வரும், உட்புறம் மெல்லும் தன்மையோடும் ஒழுங்கற்ற துளைகளோடும் இருக்கும். பகேத் செய்யும் கைத்திறனையும் அதைச் சார்ந்த பண்பாட்டையும் யுனெஸ்கோ 2022இல் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. பிரெஞ்சு விருந்து முறை 2010இலேயே அந்தப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

புஸ்ஸி வீதியின் மேற்குப் பகுதியில் பேக்கர் ஸ்ட்ரீட் என்ற பேக்கரியில் குருவாசான், பகேத், கீஷ், எக்லேர் எல்லாம் காலையிலிருந்தே அடுக்கிவைக்கப்படும். சூடாக வேண்டுபவர்கள் சீக்கிரம் போக வேண்டும். ஆரோவிலுக்குப் போகும் வழியிலுள்ள குயிலாப்பாளையத்தில் பிரெட் அண்ட் சாக்லெட், புளிக்கவைத்த மாவு ரொட்டிக்கும் காலை உணவுக்கும் பேர்போனது. 2014இல் தொடங்கிய மேசன் அண்ட் கோ நிறுவனம் தென்னிந்தியக் கோகோ விதைகளைக் கொண்டு செய்யும் சாக்லெட் இதே வட்டாரத்தைச் சேர்ந்தது. ஆரோவிலின் லா ஃபெர்ம் பண்ணை பல ஆண்டுகளாகச் சீஸ் செய்கிறது. மென்மையான ஓரோப்ளோஷோன், நீலப்பூஞ்சை வகையான லோஃபாபு ஆகியவற்றை உணவகப் பட்டியலில் பார்த்தால் தயங்காமல் கேட்கலாம். இறக்குமதிச் சீஸைவிடப் புதியதாகவும் விலை மட்டாகவும் இருக்கும்.

ஒயின்

யூனியன் பிரதேசமான புதுச்சேரிக்குத் தனி ஆயத்தீர்வைச் சட்டம். மது அருந்தக் குறைந்தபட்ச வயது இங்கே 18, தமிழ்நாட்டில் 21. எல்லா உணவகங்களுக்கும் மது உரிமம் கிடையாது. ஒயினோடு சாப்பிட நினைப்பவர்கள் முன்பே கேட்டுவிட வேண்டும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் மது விற்பனை கிடையாது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய விடுமுறையில் வருபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பிரெஞ்சு ஒயின்கள் சுங்க வரியால் விலை கூடியவை. ஒரு புட்டியின் விலை சாப்பாட்டின் விலையைத் தாண்டிவிடலாம். நாசிக்கின் சுலா, பெங்களூரு அருகே நந்தி மலையடிவாரத்தின் குரோவர் ஜம்பா, மகாராஷ்டிரத்தின் ஃபிராத்தெல்லி ஆகிய இந்திய ஒயின்கள் பெரும்பாலான பட்டியல்களில் இருக்கும். மீனுக்கும் இறாலுக்கும் நன்றாகக் குளிர்ந்த சோவின்யோன் ப்ளான் பொருந்தும். வடகமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கிரியோல் உணவுக்குச் சிறிது இனிப்புச் சாயலுள்ள ஷெனான் ப்ளான் இன்னும் நன்றாகச் சேரும். புட்டியை மீதம் வைத்துத் தமிழ்நாட்டுக்கு எடுத்துப்போக நினைக்க வேண்டாம். எல்லைச் சோதனைச் சாவடியில் வழக்காகும்.

முன்பதிவு, நேரம், பில்

வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு மதியம் வரை சென்னையும் பெங்களூரும் இங்கே வந்து இறங்குகின்றன. அந்த நாட்களுக்கு ஒரு வாரம் முன்பே மேசை பதிவு செய்வது பாதுகாப்பு. பாஸ்தில் நாளான ஜூலை 14, ஆகஸ்ட் நடுப்பகுதி, கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை இன்னும் முன்னதாகவே பேச வேண்டும். பிரெஞ்சு வழக்கப்படி பல அடுப்படிகள் மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையே மூடிவிடும். மூன்றரை மணிக்குப் பசியோடு போனால் காபியும் கேக்கும்தான் கிடைக்கும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும் இடங்களும் உண்டு. சமையல்காரர் மாறினால் பட்டியலும் மாறும். கிளம்பும் முன் தொலைபேசியில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

உடைக்குக் கடுமையான விதி எங்குமில்லை. நீச்சல் உடையும் ரப்பர் செருப்பும் தவிர்த்துச் சுத்தமான பருத்தி உடை போதும். மாலை ஆறு மணிக்கு மேல் காலை வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதியில்லை. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள் உள்வீதி வழியாக உணவக வாசலிலேயே இறக்கிவிட வேண்டும்.

பில்லில் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். 4,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு முதல் வகையில் 200 ரூபாய் வரி, இரண்டாவதில் 720 ரூபாய். பாரம்பரிய வீட்டு ஓட்டல்கள் பலவும் இரண்டாவது வகையில் வரும். மதுவுக்குத் தனி வரி. சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. அப்படி ஒரு வரி இருந்தால் நீக்கச் சொல்லலாம். பரிமாறியவரின் கவனிப்பு பிடித்திருந்தால் அன்பளிப்பை அவர் கையில் நேரடியாகக் கொடுக்கலாம்.

இரண்டு நாள் சாப்பாட்டுத் திட்டம்

சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வருபவர்கள் சுமார் 150 கிலோமீட்டர் கடக்க வேண்டும். ஊருக்குள் நுழையும் முன் குயிலாப்பாளையத்தில் இறங்கி ரொட்டியும் முட்டையும் காபியுமாகக் காலை உணவு. மதியம் மெசோன் பெருமாளில் கிரியோல் சாப்பாடு. தேங்காய்ப்பால் சேர்ந்த கனமான உணவை மதியத்தில் முடித்துக்கொண்டால் இரவுக்கு வயிறு தயாராகிவிடும். மாலையில் ஒயிட் டவுன் வீதிகளில் நடை, பிறகு பாலே த மாஹேயின் மாடியிலோ வில்லா சாந்தியின் முற்றத்திலோ பிரெஞ்சு முறையில் மீன். முதல் தட்டு, மீன், சீஸ், இனிப்பு என்று வரிசையாகச் சாப்பிட இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஞாயிறு காலை கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே கடலை ஒட்டியுள்ள லெ கஃபேயில் காபி. அங்கிருந்து குபேர் அங்காடி. நேற்றுத் தட்டில் பார்த்த கொடுவாவும் சங்கராவும் இங்கே கூடையில் இருக்கும், தாளிப்பு வடகமும் வாங்கலாம். பேக்கர் ஸ்ட்ரீட்டில் வழிப்பயணத்துக்கு ரொட்டியும் கீஷும் கட்டிக்கொள்ளலாம். கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்க முடிந்தால் மதியத்துக்கு லா வில்லாவை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மதிய உணவு உண்டா என்பதை மட்டும் முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குள் கிளம்பினால், ஞாயிறு மாலையில் மாமல்லபுரத்துக்கு அப்பால் சேரும் வாகன நெரிசலுக்கு முன்பே சென்னையை எட்டிவிடலாம்.